ஏழு-சியின் உருகுநிலை

செய்தாளா, செய்யவில்லையா. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்ததிலிருந்து ஜெபராணிக்கு இது ஒன்றே வேலையாகப் போயிற்று. எதிரே கணினித் திரையில் ஒரு மருந்துக் கம்பெனியின் காப்புரிமை விண்ணப்பம் திறந்து கிடந்தது, நூற்று நாற்பது பக்கம். இந்த மருந்து எங்கள் கண்டுபிடிப்பு, இருபது வருஷத்துக்கு வேறு யாரும் செய்யக் கூடாது என்று கம்பெனிகள் கொண்டுவந்து நிறுத்தும் வேதிப்பொருள்களை, நிஜமாகவே புதிதுதானா, இதற்கு முன் எவனாவது எங்காவது எழுதி வைத்திருக்கிறானா என்று தேடிப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் உத்தியோகம். பதினோரு வருஷமாகத் தேடுகிறாள். ஜப்பான்காரன் எழுதியது, ரஷ்யாக்காரன் எழுதியது என்று ஊரார் எழுத்தையெல்லாம் தோண்டி எடுத்தவளுக்கு இப்போது அவள் எழுதியதே எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. விண்ணப்பத்தில் உரிமை கேட்டு எண் போட்டு எழுதும் கோரிக்கைகளைக் கிளெய்ம் என்றுதான் ஆபீசில் சொல்வார்கள். முதல் கிளெய்மில் கம்பெனிக்காரன் வழக்கம்போல ஒரு வளையத்தைப் போட்டு, அதன் மூலைகளில் ஆர்-ஒன்று, ஆர்-இரண்டு என்று தொங்கவிட்டு, அங்கே இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம் என்று லட்சக்கணக்கான பொருள்களை ஒரே வலையில் அள்ளியிருந்தான். அதை மடக்குவது அவளுக்குப் பெரிய காரியமில்லை, காலையிலேயே மடக்கியாயிற்று. ஆறாவது கிளெய்ம்தான் தொண்டையில் நின்றது. அதில் ஆர் கிடையாது, இருக்கலாம் கிடையாது. ஒரே ஒரு பொருள். இரண்டு வளையம், இடப்பக்கம் ஒரு குளோரின், வலது ஓரத்தில் ஒரு மெத்தில். மாத்திரைக்குள் போகப்போவது இதுதான். இதே படத்தை அவள் பதினாறு வருஷத்துக்கு முன்னால் தன் பிஎச்.டி. ஆய்வேட்டில் போட்டிருக்கிறாள். ஏழு-ஏ முதல் ஏழு-எச் வரை எட்டுப் பொருள்கள் உள்ள அட்டவணையில் மூன்றாவது வரிசை, ஏழு-சி.

போன வாரம் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அட, இது நம்முடையது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் என்ன மேடம் என்றார், ஒன்றுமில்லை என்றாள். கடல் கடந்த கம்பெனி, ஆயிரம் விஞ்ஞானிகள், அவர்களுக்கு முன்னால் நாசரேத்தில் பிறந்த ஜெபராணி. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும், பேருந்து ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போகிற நேரம். பிறகுதான் அந்தக் கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது, செய்தாளா. ஏழு-ஏவைச் செய்தது நினைவிருக்கிறது, கண்ணாடிக் குடுவை உடைந்து விரலில் மூன்று தையல். ஏழு-பி மஞ்சளாக வந்து அழவைத்தது. டி, மழை நாள், ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் வந்து ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வடிகட்டினாள். ஈ, எஃப், ஜி, எச் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு வாசனை இருக்கிறது. ஏழு-சிக்கு ஒன்றுமே இல்லை. கண்ணை மூடினால் ஒரு வெள்ளைப் பொடி தெரிகிறது, சின்ன வடிதாளில், ஓரம் காய்ந்து. ஆனால் வேதியியல் படித்தவர்களுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பொருள் வெள்ளைப் பொடிதானே. அது டியாகவும் இருக்கலாம். எச்சாகவும் இருக்கலாம். ஆரம்பித்துவிட்டாயா நீயும், இருக்கலாம் இருக்கலாம் என்று, ஆர்-ஒன்று போட்டவன் மாதிரி. மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எண்ணெய் போடச் சொல்லி எழுதிக் கொடுத்து நாலு மாதமாகிறது.

சொந்தப் பிரதி இருந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம். அது வெள்ளத்தில் போயிற்று. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் ஆய்வேடு, ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் ஐந்து, கல்யாண ஆல்பம் எல்லாம் சேர்ந்து கூழாகி, வீட்டுக்காரர் ஆல்பத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் பிரித்து மொட்டைமாடியில் காயவைத்தார். ஆய்வேட்டைத் தொடவில்லை, அதான் டாக்டர் பட்டம் வாங்கியாச்சே என்றார். இணையத்தில் எந்தக் களஞ்சியத்திலும் அந்த ஆய்வேடு இல்லை, நான்கு நாளாகத் தேடிவிட்டாள். இந்தப் பூமியில் மிச்சமிருப்பது கல்லூரி நூலகத்து இரும்பு பீரோவில் உள்ள ஒரே ஒரு பிரதி. அதைப் பற்றித் தெரிந்த ஆளும் ஒரே ஒருத்தி, அவள்தான். வழிகாட்டிய பரமானந்தம் சார் இறந்து இரண்டு வருஷம். ஆக, அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறாவது கிளெய்ம் தாண்டிப் போய்விடும். தேடினேன், கிடைக்கவில்லை. களஞ்சியங்களில் தேடினேன், கிடைக்கவில்லை என்றால் அது பொய்யும் இல்லை. பொய் இல்லாத அந்த வாக்கியத்தை அவள் காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அறிக்கை இன்று மாலைக்குள் கன்ட்ரோலர் ஷம்சுதீனிடம் போக வேண்டும். அவர் அவளைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் சார்தான். கதவைத் திறந்துகொண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "மேடம், அந்த நுரையீரல் மருந்து ஃபைல் இன்னைக்கு முடிஞ்சிருமில்ல?" "முடிஞ்சிரும் சார்." என்ன முடியும், எப்படி முடியும் என்று அவர் கேட்கவில்லை.

நுரையீரல் மருந்து. கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. கோடு போட்ட தாள், நீல மை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செல்லமுத்து என்று ஒருவர். மருந்துக்குக் காப்புரிமை கொடுக்காதீர்கள் என்று ஆட்சேபிக்கலாம், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் அதற்கென்று படிவம் இருக்கிறது. செல்லமுத்து படிவத்தில் எழுதவில்லை. எனவே அந்தக் கடிதம் கடிதமே இல்லை. யாரோ அதைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல் கோப்பின் கடைசியில் சொருகியிருக்கிறார்கள். மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு என்று முறையாகத்தான் தொடங்கியிருந்தார், இரண்டு வரியில் முறை தளர்ந்துவிட்டது. 'இருபத்திரண்டு வருசம் கல் உடைச்சேன். நெஞ்சுக்குள்ள தூசி இறுகிப்போச்சு. பெரியாஸ்பத்திரியில புது மாத்திரைன்னு ஆறு மாசம் குடுத்தாக. அந்த ஆறு மாசமும் படுத்துத் தூங்கினேன். சோதனை முடிஞ்சுதுன்னு நிறுத்திட்டாக. இப்ப மறுபடி செவத்துல சாஞ்சு உக்காந்தபடிக்குத்தான் தூங்குறேன். இது ஒரு கம்பேனிக்கு மட்டும்னு ஆயிட்டா எங்களுக்கு எட்டாதுன்னு சங்கத்துல சொல்றாக. நான் படுத்துத் தூங்கணும்.' அவ்வளவுதான் கடிதம். இதை ஜெபராணி எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை. படுத்துத் தூங்கினேன் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு மனம் கலங்கும், கூடவே ஒரு கெட்ட பெருமையும் எழும், அந்த ஆள் படுத்துத் தூங்கியது நான் வரைந்ததை விழுங்கித்தான் என்று. உடனே மறுபக்கம், வரைந்தாயா, செய்தாயா? வரைந்தேன். அது தெரியும், கேட்டது அதுவா?

பரமானந்தம் சாரைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமும் வைத்திருந்தாள். ஏழெல்லாம் ஒரு வரிசையாம்மா, எட்டு இருந்தாத்தான் பாக்கறவன் மதிப்பான் என்று சொல்லுவார். எட்டு ஒரு மரபு, யார் ஏற்படுத்தியது என்று தெரியாது, அந்தத் துறையில் எல்லார் ஆய்வேட்டிலும் எட்டு எட்டாகத்தான் இருக்கும். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியரும், "எட்டும் அழகா வந்திருக்கேம்மா" என்றுதான் சொன்னார். அவள் அப்போது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு. தெரிந்து சிரித்ததா? போன வாரத்திலிருந்து அவள் தலைக்குள் நூற்று எண்பத்து நான்கு என்று ஓர் எண் அலைகிறது. ஏழு-சியின் உருகுநிலையாக அது இருக்க வேண்டும். பொடியை மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து, எண்ணெயில் வைத்துச் சூடேற்றி, பொடி எந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடி போலாகிறதோ அதைக் குறித்துக்கொள்வது. ஒரு பொருளுக்கு அதுதான் அங்க அடையாளம். ஆனால் நூற்று எண்பத்து நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிய கீர்த்தனையின் எண்ணாகவும் இருக்கலாம். பாட்டுப் புத்தகத்தில் போய்ப் பார்த்தாள், அந்த எண்ணில் இருந்தது அறுப்பின் பண்டிகைப் பாட்டு, அதை அவர்கள் பாடியதே இல்லை. கம்பெனிக்காரன் எழுதியிருக்கும் உருகுநிலையோ இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பதினொன்று எங்கே, நூற்று எண்பத்து நான்கு எங்கே. அவள் நிஜமாகச் செய்திருந்தால் அதுவும் இருநூற்றுப் பதினொன்றில்தானே உருகியிருக்கும். அழுக்குச் சேர்ந்திருந்தால் குறைந்திருக்கலாம். இருபத்தேழு டிகிரியா குறையும்? தெர்மாமீட்டர் பழசு. அதுவா இத்தனை பொய் சொல்லும், பாவம். யார் மேலாவது பழியைப் போட வேண்டும், செத்துப்போன சாரும் உடைந்துபோன தெர்மாமீட்டரும் திருப்பிப் பேச மாட்டார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது. கல்லூரி நூலகத்துச் செண்பகம். நேற்றே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். "மேடம், தப்பா நெனைக்காதீங்க, பீரோ சாவி வெள்ளைச்சாமி சார்ட்ட இருக்கு. அவரு ட்ரெய்னிங்னு போயிருக்காரு. நாலு மணிக்கு வந்துருவாராம்." "அந்தப் புஸ்தகத்த யாரும் எடுத்துப் படிச்சிருக்காங்களாம்மா?" என்று ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ரெஜிஸ்டர்ல பாத்தேன் மேடம். வந்த நாள்ல ஸ்டாம்பு குத்தி நம்பர் போட்டிருக்கு. எடுத்தவங்க பேரு எழுதுற கட்டம் பூரா காலியாக் கெடக்கு." யாரும் எடுக்காவிட்டாலும் சட்டத்துக்குப் பரவாயில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அலமாரியில் இருந்தால் போதும், அது உலகத்துக்குச் சொன்னதாகத்தான் கணக்கு. பதினாறு வருஷமாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே பூட்டின பீரோவுக்குள் இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. மேஜையின் ஓரத்தில் பெயர்ப் பலகை, டாக்டர் ஜே. ஜெபராணி. கல்யாணப் பத்திரிகையில் அப்பா டாக்டரைத் தனியாகச் சிவப்பு மையில் போட்டார். அடுக்குமாடியில் இன்றும் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டுகிறார்கள், நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எந்த டாக்டர் நீ? இந்தக் கேள்வியை இத்தனை நாள் அவர்கள் கேட்டார்கள், இன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டாள். தேநீர் வந்தது. ஆடை படியும் வரை தொடாமல் வைத்துவிட்டு அதைப் பிறகு கையால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

நாலே காலுக்குப் படம் வந்தது. கொஞ்சம் சாய்ந்து, செண்பகத்தின் கட்டைவிரலும் சேர்ந்து. பெரிதாக்கினாள். ஏழு-சி, வெள்ளைப் படிகம், விளைச்சல் அறுபத்தெட்டு விழுக்காடு, உருகுநிலை நூற்று எண்பத்து நான்கு முதல் எண்பத்தாறு. கீர்த்தனை இல்லை, அப்பாடா. கீழே அடுத்த வரிசை. ஏழு-டி, வெள்ளைப் படிகம், விளைச்சல் அறுபத்தெட்டு விழுக்காடு, உருகுநிலை நூற்று எண்பத்து நான்கு முதல் எண்பத்தாறு. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே அங்க அடையாளம். அப்போது அந்தக் குரல் வந்தது, பரமானந்தம் சார் குரல் இல்லை, பெண் குரல். கல்லூரி எதிரே தட்டச்சுக் கடை வைத்திருந்த ரெஜினாக்கா. கடையில் புதுக் காகித வாசனை, வெளியே பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம், மறுநாள் ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள். "ராணி, இந்த வரிசை காலியாக் கெடக்கே, என்ன போட?" ஏழு-சிக்கு வேண்டிய மூலப்பொருள் பம்பாயிலிருந்து வரவேண்டியிருந்தது, வரவில்லை. படத்தை மட்டும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். ஏழு போதும், அந்த வரிசையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சார் அங்கே இல்லவே இல்லை, ஊருக்குப் போயிருந்தார். அவள்தான், அவள் வாயால்தான், பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு வருகிற அவசரத்தில், "கீழ இருக்குறதயே போடுங்கக்கா, அப்புறம் மாத்திக்கிடுவோம்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

செய்யவில்லை. அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தால் தெளிந்துவிடும் என்று நினைத்திருந்தாள், இன்னும் கலங்கிப் போயிற்று. செய்யாததை எப்படி முன்பே இருந்தது என்று சொல்வது? எழுதினது எழுதினதுதானே? எழுதினது பொய்யாயிற்றே? படம் பொய் இல்லை, எண்தான் பொய். அவள் எழுந்து ஷம்சுதீன் அறைக்குப் போய்விட்டாள், போனது கதவைத் தட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "சார், ஒரு சந்தேகம். ஆறாவது கிளெய்ம்ல இருக்குற பொருள் ஒரு பழைய தீசிஸ்ல இருக்கு. படம் இருக்கு. செய்யற வழியும் இருக்கு. ஆனா எழுதினவங்க அத செய்யல." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வழி சரியா எழுதியிருக்காங்களா?" "சரி சார். மத்த ஏழும் அந்த வழியிலதான் செஞ்சது." "அப்ப செஞ்சாங்களா செய்யலயாங்கிறது நமக்கு எதுக்கு மேடம்? அதப் படிச்சு வேற ஒருத்தர் செய்ய முடியுமாங்கிறதுதான் கேள்வி. போட்டுருங்க." "உருகுநிலை வேற போட்டிருக்கு சார். நூத்தி எண்பத்தி நாலு." ஷம்சுதீன் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப கம்பெனி வக்கீல் அதத்தான் பிடிப்பாரு. உருகுநிலையே வேற, அப்ப பொருளே வேறம்பாரு. கிளெய்ம் விழாம நின்னுரும். அந்த நம்பர் தப்புன்னு எழுதினவங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. எவன் மேடம் வந்து என் தீசிஸ்ல பொய் எழுதினேன்னு சொல்லுவான்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. "யாரு மேடம் எழுதினது?" "நான்தான் சார்."

ஷம்சுதீன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த ஃபைல் உங்ககிட்ட இருந்திருக்கவே கூடாது" என்றார். தெரியும் என்றாள். "வேற ஆளுக்கு மாத்திர்றேன். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தீங்கன்னா அது கோப்புல ஏறும், கம்பெனிக்குப் போகும், உங்க யுனிவர்சிட்டிக்கும் போகும்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார், "கொடுத்தாலும் கிளெய்ம் விழும்னு நான் சொல்ல முடியாது. விழலாம். நிக்கலாம்." இவரும் இருக்கலாம் கட்சிதான். செல்லமுத்து கடிதத்தில் மட்டும் ஒரு இருக்கலாம்கூட இல்லை. அவள் தலையசைத்துவிட்டுத் தன் மேஜைக்கு வந்தாள். வருகிற பத்தடி தூரத்தில் நாலு முடிவு எடுத்து நாலையும் மாற்றினாள். அப்பா இருந்தால் என்ன சொல்வார். அப்பா இல்லை, சிவப்பு மை இருக்கிறது. அந்தச் செல்லமுத்துவுக்கு மாத்திரை போய்ச் சேருமா. சேராமலும் போகும், அதற்குள் அவர் இருப்பாரா என்பதே தெரியாது. தெரியாத ஒருவருக்காகத் தெரிந்த எல்லாவற்றையும் யாராவது விடுவார்களா. அவருக்காக இல்லையோ என்னவோ. ரெஜினாக்கா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லாமல் நிற்கிற மாதிரி அவளுக்கு இருந்தது.

காலையில் எழுதி வைத்திருந்த, பொய் இல்லாத அந்த வாக்கியத்தை அழித்தாள். குறிப்புக்கான படிவத்தைத் திறந்தாள்; அவளுக்குப் படிவங்கள் தெரியும், செல்லமுத்துவுக்குத்தான் தெரியாது. ஆவணம், ஆய்வேடு. பக்கம், நூற்றுப் பன்னிரண்டு. நூலகத்தில் பதிவான நாள், முத்திரையில் உள்ளபடி. ஆசிரியர் என்ற இடத்தில் கை நின்றது, பெயரைப் போட்டாள், முன்னால் டாக்டர் என்று வந்ததை எடுத்துவிட்டாள். கீழே ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை. பொருளின் அமைப்பு, ஒன்றே. செய்முறை, ஒன்றே. உருகுநிலை, விண்ணப்பத்தில் இருநூற்றுப் பதினொன்று. ஆய்வேட்டில்? கர்சர் அந்தக் கட்டத்துக்குள் மினுக்கிக்கொண்டே இருந்தது. என்ன போட, ராணி? அவள் கட்டத்துக்கு வெளியே, கீழே வந்தாள். ஆய்வேட்டில் உள்ள எண் அடுத்த வரிசையிலிருந்து எடுத்து எழுதப்பட்டது, ஏழு-சி செய்யப்படவும் இல்லை, அதன் உருகுநிலை அளக்கப்படவும் இல்லை, எழுதச் சொன்னது நான் என்று தட்டச்சு செய்தாள். அதன் பின் ஒரு முறை மேலே போய்ப் பார்த்தாள். கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினாள்.